மானுக்கு விதைத்த புனம்

தினைப்புனங் காத்த வள்ளியின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். மானின் வயிற்றிற் பிறந்தவள் என்று புராணம் கூறும் அந்தப் பெண், பரண்மீது நின்று கவண்கல் எறிந்து பறவைகளை ஓட்டினாள். வேடனாக வந்த முருகன், தான் துரத்தி வந்த மான் இவ்வழியே ஓடியதா என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவதாக வள்ளி திருமண நாடகங்களில் ஆடுவார்கள். பயிரைக் காப்பவளும் மானைத் தேடுபவனும் எதிரெதிரே நிற்கும் காட்சி அது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் சேனைப்பயிர் செய்த குடும்பங்களுக்கு அந்தக் காட்சியின் ஒரு பாதி அன்றாட அனுபவமாகவே இருந்தது. பயறு இலை விட்டதும் மானும் மரையும் பன்றியும் வந்துவிடும். காவற்பரணின் கீழே கட்டையை எரியவிட்டு, விடிய விடியக் குரல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மானை விலக்கிப் பயிரை வளர்ப்பதே உழவன் கண்ட வழி. இதற்கு நேர்மாறாக, மான் வந்து மேய வேண்டும் என்பதற்காகவே காட்டு நிலத்தைத் திருத்தி, உழுது, விதைக்கின்ற ஒரு தொழிலும் உலகில் உண்டு. இன்று அது பெரிதும் நடைபெறுவது அமெரிக்காவில். அங்கே சொந்தமாக வேட்டை நிலம் வைத்திருப்போர், காட்டின் ஓரத்தில் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ வெட்டித் துப்புரவாக்கி, குளோவர் என்னும் தீவனப் பயிரையும் ஓட்ஸ் தானியத்தையும் மானுக்கென விதைக்கின்றனர். மழைக்கு ஏங்குகின்றனர், களை பிடுங்குகின்றனர், முளை கண்டு மகிழ்கின்றனர். பின்னர் வேட்டைக்காலம் வந்ததும், அதே வயலின் ஓரத்து மரத்திலே துப்பாக்கியுடனோ வில்லுடனோ ஏறி அமர்ந்துகொள்கின்றனர்.

புதிதாக இத்தொழிலில் இறங்குபவர் கேட்கும் முதற் கேள்வி, எந்த விதையை விதைப்பது என்பதாகும். அதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கின்றது. இந்த வயல் யாருக்காக விதைக்கப்படுகிறது என்பதே அது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதன் இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறான். அவற்றுட் சிலவற்றை இன்று நோக்குவோம்.

முதலில் சொற்களிலிருந்து தொடங்கலாம். நாம் விலங்கைப் பொதுவாக மிருகம் என்கிறோம். வடமொழியில் 'ம்ருக' என்பது விலங்கையும் குறிக்கும், சிறப்பாக மானையும் குறிக்கும். வேட்டைக்கு அம்மொழியில் 'ம்ருகயா' என்று பெயர். ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் 'டியர்' என்ற சொல்லும் பழைய காலத்தில் எந்த விலங்கையும் குறித்த பொதுச்சொல்லாகவே இருந்தது. அதன் உறவுச்சொல்லான 'டீர்' இன்றும் ஜெர்மன் மொழியில் விலங்கு என்றே பொருள்படும். ஒன்றுக்கொன்று தொலைவான நிலங்களில் வாழ்ந்த மக்களுக்கு, விலங்கு என்றாலே மானும், மான் என்றாலே வேட்டையும் நினைவுக்கு வந்திருக்கின்றன. மனித மனத்தில் அத்துணை இடம் பிடித்த விலங்குக்கு மனிதன் உணவு விதைக்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

மானுக்கு விதைத்தல் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் இரண்டு பாளி நூல்களிற் கிடைக்கின்றன. வாய்மொழியாகப் பேணப்பட்ட பௌத்த மறைகள் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆட்சியில், மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டன என்பதை இங்கு நினைவு கூரலாம். அம்மறைகளுள் மஜ்ஜிம நிகாயத்தின் இருபத்தைந்தாவது சூத்திரத்திற்கு 'நிவாப சுத்த' என்று பெயர். நிவாபம் என்றால் விதைத்து வைத்த இரை. வேடன் ஒருவன் மான்களுக்கென்று இரைப்பயிர் விதைக்கிறான். மான்கள் நீடூழி வாழ வேண்டும் என்பதற்காக அவன் அதைச் செய்யவில்லை. தின்று மயங்கிக் கவனம் இழக்கட்டும், பிடித்துக்கொள்ளலாம் என்பதே அவனது எண்ணம்.

அந்தப் பயிரிடம் நான்கு மான்கூட்டங்கள் வருகின்றன. முதலாவது கூட்டம் உள்ளே புகுந்து எச்சரிக்கையின்றித் தின்று, அகப்பட்டுக்கொள்கிறது. இரண்டாவது கூட்டம் அதைக் கண்டு அஞ்சி, இரைப்பயிரையே தீண்டாமல் காட்டுக்குள் போய்விடுகிறது. ஆனால் கோடையின் கடைசி மாதத்தில் புல்லும் நீரும் வற்றி, உடல் மெலிந்து, மீண்டும் அதே பயிரிடம் வந்து அகப்படுகிறது. மூன்றாவது கூட்டம் பக்கத்திலேயே மறைந்திருந்து அளவோடு தின்கிறது. வேடன் சுற்றிவர வலை கட்டி, அதன் மறைவிடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான். நான்காவது கூட்டம் மாத்திரம் வேடன் எட்ட முடியாத இடத்தில் தங்கி, மயங்காமல் தின்று தப்பிக்கிறது. துறவிகளுக்கு ஆசையின் வலையை விளக்க எழுந்த உவமை இது. எனினும் இதைச் சொன்னவருக்கு மானின் போக்கும் வேடனின் போக்கும் நன்கு தெரிந்திருந்தன. பசிக்காலம் எப்போது வரும், அப்போது மான் எங்கே வரும் என்பதை அறிந்தவனே வேடன். இன்றைய அமெரிக்க வேட்டைக்காரரும் இதே கணக்கைத்தான் போடுகின்றனர்.

இரண்டாவது குறிப்பு நிக்ரோதமிக ஜாதகம். ஜாதகக் கதைகளின் பாளி உரைநடை, இலங்கையில் பேணப்பட்ட பழைய உரைகளை ஆதாரமாகக் கொண்டு அமைந்தது என்பர். காசி மன்னன் ஒருவன் நாள் தவறாமல் வேட்டைக்குப் போகிறான். போகும்போதெல்லாம் குடிமக்களைத் தொழிலை விட்டு வரச்செய்து உடன் அழைத்துச் செல்கிறான். உழவும் வாணிகமும் கெடுகின்றன. மக்கள் கூடி யோசித்து ஓர் உபாயம் காண்கின்றனர். அரசனுடைய பூங்காவிலேயே மானுக்குப் புல் விதைத்து, நீர் வசதி செய்து, காட்டு மான்களை வளைத்து உள்ளே ஓட்டிக் கதவை அடைத்துவிடுகின்றனர். இனி மன்னன் தன் வேட்டையை அங்கேயே நடத்தலாம். தங்கள் பிழைப்பைத் தாங்கள் பார்க்கலாம். வேட்டை நிலத்தில் மானுக்குத் தீவனம் விதைத்த கதையாக நாம் சுட்டக்கூடியவற்றுள் இது மிகப் பழையது. விதைத்தவர்கள் வேட்டைக்காரர்களும் அல்லர். தங்கள் வயலையும் நேரத்தையும் காப்பாற்றிக்கொள்ள நினைத்த ஏழை உழவர்கள்.

கதையின் மீதிப் பகுதி பலர் அறிந்ததே. துரத்தலிற் பல மான்கள் வீணே காயமுறுவதைக் கண்டு, நாளுக்கு ஒன்றாக முறைவைத்துப் பலியிடத்துக்குப் போக மான்கள் உடன்படுகின்றன. ஒரு நாள் கருவுற்ற பெண்மானின் முறை வருகிறது. அதற்குப் பதிலாக மான்களின் தலைவனான நிக்ரோதன் தானே சென்று பலிக்கட்டையில் தலை வைக்கிறான். அரசன் மனம் இளகி, அந்த மானுக்கு மட்டுமன்றி எல்லா மான்களுக்கும், பின்னர் எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிக்கிறான்.

பெரும்பாலோர் கதையை இத்துடன் நிறுத்திவிடுவர். ஜாதகம் நிறுத்தவில்லை. அபயம் பெற்ற மான்கள் உழவரின் பயிருக்குள் இறங்குகின்றன. அரசன் வாக்குக் கொடுத்துவிட்டபடியால் அவற்றை அடிக்கவும் முடியாது. மக்கள் மன்னனிடம் முறையிடுகின்றனர். அவனோ, அரசை இழந்தாலும் இழப்பேன், வாக்கை மாற்றேன் என்கிறான். செய்தி கேட்ட நிக்ரோதன் தன் கூட்டத்தை அழைத்து, பிறர் பயிரை உண்ணலாகாது என்று கட்டளையிடுகிறான். உழவர்களுக்கும் சொல்லி அனுப்புகிறான்: வேலி வேண்டாம், வயலைச் சுற்றி இலைகளைக் கட்டி அடையாளம் இடுங்கள், அதுவே போதும். அருள் காட்டிய பின்னரும் வயிற்றுப் பிரச்சினை தீராது என்பதைக் கதை கட்டியவர் அறிந்திருந்தார். மானைக் காக்க வேண்டும் என்று நாம் விரும்பினால், அதன் பசிக்கும் உழவனின் பசிக்கும் இடையே ஓர் எல்லையையும் நாமே காண வேண்டும்.

நமது தீவின் வரலாற்றிலும் ஒரு மான் வேட்டை திருப்புமுனையாக அமைந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தேவநம்பிய தீசன் மிகிந்தலை மலையில் ஒரு மரையைத் துரத்திச் சென்றபோதே மகிந்த தேரரைச் சந்தித்தான் என்று மகாவம்சம் கூறும். நாணேற்றிய வில்லோடு நின்ற அரசனிடம் தொடங்கிய அந்த உரையாடல் எங்கே போய் முடிந்தது என்பதை நாம் அறிவோம்.

இனி மேற்கே செல்வோம். 1066ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கைப்பற்றிய நொர்மன் அரசர்கள், பரந்த நிலப்பரப்புகளை அரசனின் வேட்டைக்காடுகளாக அறிவித்தனர். அந்நிலங்களில் மானும், மான் உண்ணும் செடிகொடியும் அரசனின் காவலில் இருந்தன. பிரபுக்கள் தமக்கெனப் பூங்காக்களை அமைத்துக்கொண்டனர். 1300ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் அத்தகைய மான் பூங்காக்கள் ஏறத்தாழ 3,000 இருந்தன என மதிப்பிடுகின்றனர். மண்மேடும், அதன் உட்புறம் ஓர் அகழியும், மேட்டின்மேல் பிளந்த ஓக் மரப்பலகை வேலியும் அமைத்தார்கள். சில இடங்களில் வெளியிலிருந்து மான் உள்ளே குதிக்கலாம், உள்ளிருந்து வெளியேற இயலாது என்ற விதத்திலே வேலியைத் தாழ்த்தி வைத்தனர். இதற்கு அரசனின் அனுமதி வேண்டும். ஏனெனில் உள்ளே குதிப்பது அரசனுடைய மானாகவும் இருக்கலாம்.

பூங்காவின் நடுவே மான் மேய்வதற்காக மரமின்றி விடப்பட்ட புல்வெளியை 'லோண்ட்' என்று அழைத்தனர். இன்று வீட்டு முற்றத்தில் வெட்டிப் பராமரிக்கும் புற்றரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லோன்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததே. குளிர்காலத்தில் புல் மடிந்தபோது, காவலர்கள் மரக்கிளைகளை வெட்டி மானுக்குப் போட்டனர்; உலர்புல்லும் சேமித்து வைத்தனர். மான் குட்டி ஈனும் கோடை நடுப்பகுதியில் ஒரு மாதத்துக்குக் காட்டிற் பிறர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினர். மானைப் பேணும் கலை அங்கே நன்கு வளர்ந்திருந்தது. ஆனால் அந்தப் பேணுதலின் மறுபக்கத்தில் காட்டோரத்துக் குடியானவன் நின்றான். அவனுடைய பயிரை அரசனின் மான் தின்றால் அவன் வாய்மூடி இருக்க வேண்டும். அவன் மானைக் கொன்றால் கண்ணையோ கையையோ உயிரையோ இழக்கலாம். 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனமே, மானுக்காக ஒருவன் உயிரையோ உறுப்பையோ இழத்தல் கூடாது என்று விதித்தது. ஆயினும் 1723இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, முகத்திற் கரி பூசி மாறுவேடத்தில் மான் திருடுவோருக்கு மீண்டும் தூக்குத் தண்டனையைக் கொண்டுவந்தது. ஒரு நூற்றாண்டு கழித்தே அது நீங்கியது. யாருக்காக இந்த மேய்ச்சல் நிலம் என்று கேட்டால், அந்த நாட்டின் விடை தெளிவானது. மான் அரசனுக்கு; புல் மானுக்கு; பசி குடியானவனுக்கு.

இந்த நினைவுகளோடு அத்திலாந்திக் கடலைக் கடந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கிய ஆங்கிலேயர், அங்கிருந்த காடுகளைக் கண்டு வியந்தனர். பெருமரங்கள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நின்றன. கீழே புதர் குறைவாகவும் புல் மிகுதியாகவும் இருந்தன. தம் நாட்டுப் பிரபுக்களின் பூங்காவைப் போன்றிருக்கிறதே என்று எழுதினார்கள். அது தானாக அமைந்த பூங்கா அன்று. அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகள் ஆண்டுதோறும் காட்டின் அடித்தளத்துக்குத் தீயிட்டு வந்ததன் விளைவு அது. தீ உலர் சருகையும் புதரையும் எரித்துச் சாம்பலாக்கும். வெளிச்சம் தரையில் விழும். இளந்தளிர் எழும். அதைத் தேடி மான் வரும். விதையோ கலப்பையோ இல்லாமல் மானுக்குப் புனம் அமைத்தவர்கள் அவர்கள். வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன் 1983இல் வெளியிட்ட நியூ இங்கிலாந்து பற்றிய ஆய்வு இந்த உண்மையைப் பலரும் அறியச் செய்தது. வேலி அமைக்காதவனுக்கும் மாடு வளர்க்காதவனுக்கும் நிலத்தில் உரிமை இல்லை என்று வாதிட்ட குடியேறிகள், தாம் மெச்சிய அழகே அம்மக்களின் உழைப்பு என்பதை ஏற்றுக்கொள்ளவில்லை.

பின்னர் நடந்தது அழிவு. பதினெட்டாம் நூற்றாண்டில் மான்தோல் பெரும் ஏற்றுமதிப் பண்டமாகி, எல்லைப்புறங்களில் நாணயத்துக்கு ஈடாகவும் வழங்கிற்று. ஆண்மானைக் குறிக்கும் 'பக்' என்ற சொல் அமெரிக்கப் பேச்சுவழக்கில் டொலருக்குப் பெயரானது அந்த வாணிகத்தின் எச்சம் என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடுகள் வெட்டப்பட்டன. புகையிரதப் பாதைகள் மான் இறைச்சியை நகரச் சந்தைகளுக்கு ஏற்றிச் சென்றன. 1900ஆம் ஆண்டளவில் வெண்வால் மான்களின் தொகை முழு நாட்டிலும் ஏறத்தாழ ஐந்து இலட்சமாகவோ அதனிலும் குறைவாகவோ சுருங்கியிருந்தது. அவ்வாண்டிலேயே, களவாகக் கொன்ற வேட்டை விலங்குகளை ஒரு மாநிலத்திலிருந்து மற்றதற்கு எடுத்துச் சென்று விற்பதைத் தடுக்கும் லேசிச் சட்டம் வந்தது. 1937இல் நிறைவேறிய பிட்மன் - ரொபர்ட்சன் சட்டம், துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதித்த வரியை வனவிலங்கு மீட்புக்கே ஒதுக்கியது. சுடுபவனின் காசு மானை வளர்க்கச் செலவாயிற்று. மாநிலங்கள் மான்களைப் பிடித்து, அவை அற்றுப்போன மாவட்டங்களில் விட்டன. இன்று அந்நாட்டின் வெண்வால் மான் தொகை ஏறத்தாழ மூன்று கோடி என மதிப்பிடப்படுகின்றது.

இந்த மீட்சியின் சிந்தனையாளருள் முதன்மையானவர் அல்டோ லியோபோல்ட். அவர் 1933இல் வேட்டை விலங்கு முகாமைத்துவம் பற்றிய நூலை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் அத்துறைப் பேராசிரியரானார். கோடரி, கலப்பை, மாடு, தீ, துப்பாக்கி என்பன வனவிலங்கை அழித்த கருவிகள். அறிவோடு கையாண்டால் மீட்பதற்கும் அவையே கருவிகள் என்பது அவருடைய கொள்கையின் சாரம். 1935இல் விஸ்கொன்சின் ஆற்றோரம் மண்வளம் கெட்டுக் கைவிடப்பட்ட ஒரு பண்ணையை வாங்கி, அங்கிருந்த கோழிக்கூட்டைத் திருத்திக் குடும்பத்தோடு வார இறுதிகளிற் தங்கி, ஆயிரக்கணக்கான மரக்கன்றுகளை நட்டார்.

லியோபோல்ட் கண்ட மற்றோர் உண்மை கசப்பானது. அரிசோனாவின் கைபாப் மேட்டுநிலத்தில் 1906இல் மான் காப்பகம் அமைத்து, ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் கொன்று தீர்த்தனர். மான் பெருகிற்று. எட்டிய உயரம் வரை இலை தளிர் அனைத்தையும் தின்றது. 1920களின் நடுப்பகுதியில் வந்த குளிர்காலங்களில் மான்கள் பெருந்தொகையாகப் பட்டினியால் மடிந்தன. விஸ்கொன்சினிலும் அதே நிலை தோன்றியபோது, பெண்மான்களையும் சுட்டுத் தொகையைக் குறைக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1943இல் அவ்வாறான வேட்டைக்காலம் அனுமதிக்கப்பட்டதும் மக்கள் கொதித்தெழுந்தனர். மானைப் பெருக்கப் பாடுபட்ட மனிதரே மானைக் கொல்லச் சொல்கிறாரே என்று ஏசினர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அயலவரின் நிலத்திற் பரவிய புற்றீயை அணைக்கச் சென்ற இடத்தில் அவர் மாரடைப்பால் இறந்தார்.

அவருக்குப் பிந்திய தலைமுறையில் மான்புனம் என்ற வழக்கம் பரவலாயிற்று. 1975இல் டெக்சாஸ் மாநிலத்து உயிரியலாளர் இருவர் எழுதிய நூலொன்று, மானின் எண்ணிக்கையைவிட அதன் வயதையும் உடல்நலத்தையும் கவனிக்க வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பியது. 1988இல் தென் கரோலைனாவில் அக்கொள்கைக்கென ஒரு சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் அலபாமாவில் மானுக்கென்றே தெரிந்தெடுத்த குளோவர் விதை விற்பனைக்கு வந்தது. அதுவரை பசுவுக்கு விதைத்த பயிரை மானுக்கும் விட்டவர்கள், இனி மானுக்கென்றே விதை வாங்கத் தொடங்கினர்.

முதன்முதலாகப் புனம் அமைப்பவருக்கு அனுபவசாலிகள் கூறும் அறிவுரை நம் நாட்டுக் கமக்காரனுக்கும் விளங்கும். விதைக்கு முன் மண்ணைப் பார் என்பதே அது. காட்டு மண் பெரும்பாலும் புளிப்பு மிகுந்தது. மண்ணை அள்ளி மாநிலப் பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்கச் சேவைக்கு அனுப்பினால், அமிலத்தன்மையை அளந்து, எவ்வளவு சுண்ணாம்புத்தூள் இடவேண்டும் என்று எழுதித் தருவார்கள். ஏக்கருக்கு ஒன்றிரண்டு தொன் தேவைப்படும் இடங்கள் பல. சுண்ணாம்பு மண்ணோடு வேலை செய்ய மாதங்கள் ஆகும். இதைச் செய்யாதவன் போடும் பசளையிற் பெரும்பகுதி வீண். அடுத்தது வெளிச்சம்; சுற்றியுள்ள மரங்களின் நிழல் நாள் முழுதும் விழுமிடத்தில் எதுவும் தேறாது. பின்னர் களை. அதன் பிறகே விதை. குளோவர் விதை கடுகிலும் சிறியது. ஏக்கருக்கு மூன்றரைக் கிலோ அளவே போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது. வேரில் முடிச்சிட்டு வாழும் நுண்ணுயிரை விதையோடு கலந்து தூவினால், அது காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு ஊட்டும். குளிர்காலம் முடியும் தறுவாயில், உறைந்து வெடித்த நிலத்தின்மீது விதையைச் சும்மா தூவிவிடுவதும் உண்டு. இரவில் உறைந்து பகலில் இளகும் மண் தானே விதையை உள்வாங்கிக்கொள்ளும்.

வயலின் நடுவே கம்பிவலையால் ஒரு சிறு கூண்டு அமைத்து, மான் எட்டாதபடி ஒரு முழ வட்டத்தை விட்டு வைப்பார்கள். கூண்டுக்குள்ளே பயிர் முழங்கால் உயரம் நிற்கும். வெளியே தரையோடு தரையாக இருக்கும். எவ்வளவு விளைந்தது, எவ்வளவு தின்னப்பட்டது என்பதற்கு அதுவே கணக்கு. வளர்ந்த மானொன்று நாளுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ தின்னும். பத்து மான்கள் வந்தால் நாளுக்கு முப்பது கிலோ. அரை ஏக்கர் வயல் முளையிலேயே மொட்டையாகிவிடுவது புதியவருக்கு வரும் முதல் ஏமாற்றம். இரண்டாவது ஏமாற்றம் ஓக் மரங்களின் கொட்டைகள் உதிரும்போது வரும். அந்த வாரங்களில் மான்கள் பச்சை வயலைத் திரும்பியும் பாராமல் காட்டுக்குள் போய்விடும். மானின் உணவிற் பெரும்பகுதி மரத்தின் கொழுந்தும் தளிரும் கொட்டையுமே. ஆகவே, நாலு மரத்தை வெட்டித் தரையில் வெயில் விழச்செய்வது, நாலு மூடை விதையைவிட அதிகம் உணவளிக்கக்கூடும். ஆதிக்குடிகள் தீயினாற் கண்ட பாடத்தையே இவர்கள் வாளினாற் கற்கின்றனர்.

இவ்விடத்தில் நம் கேள்வியைத் திரும்பவும் எழுப்பலாம். யாருக்காக இந்த விதைப்பு? விதைக்கும் காலமே அதற்கு விடை சொல்லும். பெண்மான் குட்டி ஈன்று பாலூட்டுவதும், ஆண்மானின் கொம்பு வளர்வதும் வசந்தத்திலும் கோடையிலும் நிகழ்கின்றன. அப்போது தளிர்த்து நிற்கும் பல்லாண்டுக் குளோவர் மானின் உடலைத் தேற்றும். கோடை முடிவில் ஓட்ஸும் டேர்னிப்பும் விதைத்தால், வேட்டைக்காலத்தில் அவை பசுமையாக நின்று மானைத் துப்பாக்கியின் எல்லைக்குள் அழைக்கும். வேட்டைக்காரர்களே இவ்விரண்டையும் பிரித்து, முன்னையதை ஊட்டும் வயல் என்றும் பின்னையதைக் கொல்லும் வயல் என்றும் பேசிக்கொள்கின்றனர். பலர் இரண்டையும் வைத்திருக்கின்றனர். நிவாப சுத்தத்தின் வேடனும் காசி நகரத்து உழவனும் ஒரே மனிதனுக்குள் குடியிருக்கின்றனர் எனலாம்.

இரக்கமே தீங்காகும் இடமும் உண்டு. மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் பருவத்து உணவுக்கேற்ப மெல்ல மெல்லவே மாறும். கடுங்குளிரிற் சுள்ளி தின்று வாழும் மானுக்கு ஒருவர் மனமிரங்கி ஒரு குவியல் சோளம் கொட்டினால், அது செரியாமல் வயிற்றிற் புளித்து, நிறைந்த வயிற்றோடு மான் இறந்துவிடக்கூடும். குவியலாகக் கொட்டுவதில் வேறோர் ஆபத்தும் இருக்கின்றது. பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைப்பதனால் நோய் பரவும். மிச்சிகன் மாநிலத்தில் 1990களின் நடுப்பகுதி தொடக்கம் மான்களிடையே காசநோய் காணப்பட்டபோது, இவ்வாறு உணவிடும் வழக்கம் அதற்கு ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. 1967இல் கொலராடோவில் அடைப்பிலிருந்த மான்களிடம் முதலில் அவதானிக்கப்பட்ட, மூளையை அரிக்கும் உடல்மெலிவு நோய், 2002இல் விஸ்கொன்சினில், லியோபோல்டின் மாநிலத்திலேயே வெளிப்பட்டது. மிச்சிகன் அரசு 2019இல் தன் தென்பாதி முழுவதிலும் மானுக்கு இரை கொட்டுவதைத் தடை செய்தது. விதைத்து வளர்ந்த வயல் இத்தகைய தடைகளிற் பொதுவாக அடங்குவதில்லை. பயிர் பரந்து நிற்பதால் மான்கள் ஒரே குவியலில் முகம் புதைப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆயினும் மான்கள் அங்கும் கூடவே செய்கின்றன. தேன் தடவிய புல்லைக் காட்டி, கூச்சம் மிகுந்த மானை அரண்மனைக்குள்ளேயே இழுத்து வந்த தோட்டக்காரனைப் பற்றிய ஜாதகக் கதையொன்றும் உண்டு. கொட்டிய இரைக்கும் விதைத்த பயிருக்கும் இடையிலுள்ள தூரம், அக்கதையைப் படித்தவருக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றாது.

அப்படியானால் மானுக்கு விதைப்பது தவறா? அவ்வாறு தீர்ப்பளிப்பது எளிது; நியாயமன்று. ஓநாயும் மலைச்சிங்கமும் இல்லாத இடங்களில், மானின் தொகையை யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. தன் காணியின் மண்ணைச் சோதித்து, ஆண்டு முழுவதும் மானின் வரவையும் மெலிவையும் குறித்து வைக்கும் வேட்டைக்காரர், கடைக்கு வந்த இறைச்சியை விலை கேட்டு வாங்கும் நம்மைவிடத் தாம் கொல்லும் உயிரை நன்கு அறிந்தவர். ஆனால் அந்த அறிவு அவர்மீது ஒரு கடமையைச் சுமத்துகின்றது. உணவு விதைத்துப் பெருக்கிய மான் அடுத்தவனின் சோளக்காட்டுக்குள் இறங்கும். தெருவைக் கடக்கும், காட்டின் இளங்கன்றுகளை முளையிலேயே தின்று தீர்க்கும். விதைத்தவன் அதற்கும் பொறுப்பாளி. அரசன் அபயம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். எல்லையில் இலை கட்டும் வழியை நிக்ரோதனே சொல்ல வேண்டியிருந்தது. இன்று அதைச் சொல்ல மான்களிடையே தலைவன் இல்லை. அந்த வேலையும் மனிதனுடையதே.

நேயர்களே, இத்தீவின் பழைய வயற்கிராமங்களில் 'குருலு பாளுவ' என்று ஒரு வழக்கம் இருந்தது. பறவைகளுக்கென்று நெல்வயலில் ஒரு துண்டை விட்டுவைப்பார்கள். அங்கே வலை விரிப்பதில்லை; கவண் வீசுவதுமில்லை. மீதி வயலைக் காத்துக்கொள்வதற்காகவே அதை விட்டார்கள் என்று சொல்லி அந்தத் தருமத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. காசி உழவரும் அப்படித்தான் தொடங்கினார்கள். தன் நலத்தோடு கலந்து வந்தாலும், பிற உயிரின் பசியைத் தன் வயற்கணக்கில் ஒரு பங்காக எழுதியவன் அதனோடு உறவு கொண்டுவிடுகிறான்.

அமெரிக்கக் காட்டோரத்தில் இவ்வாண்டு முதன்முதலாக அரை ஏக்கர் விதைத்தவரும் முளை கண்ட காலையில் அந்த உறவுக்குள் வந்துவிடுகிறார். மாலையில் மரத்தில் ஏறி அமர்கையில், பனியில் நனைந்த குளோவரை நோக்கிப் பெண்மானொன்று குட்டியோடு காட்டிலிருந்து வெளிப்படும். விரல் விசையின்மேல் இருக்கும். எடுப்பதா விடுப்பதா என்று அவர் தீர்மானிக்கும் அந்தச் சில கணங்களிலே, பலிக்கட்டையருகே நின்ற காசி மன்னன் முன் இருந்த கேள்விதான் அவர் முன்னும் இருக்கின்றது.